ஜீப்பை ரெண்டு இஞ்ச் தூக்கின கதை

"அங்கிள், உங்ககிட்ட ஜாக்கி இருக்கா? ஒண்ணு என்கிட்ட இருக்கு, இன்னொண்ணு வேணும்."

ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்டவன், புனேல எங்க சொசைட்டி மூணாவது மாடியில இருக்கிற போடிநாயக்கனூர்க்காரரோட பையன். வயசு 24. முதல் வேலை, முதல் போனஸ், முதல் வண்டி. எல்லாரும் புதுக் கார் வாங்குற வயசுல, இவன் கொங்கண் பக்கம் ஓடின ஒரு பழைய மாருதி ஜிப்ஸி வாங்கி வந்து நிறுத்தியிருக்கான்.

"எதுக்குடா தம்பி ரெண்டு ஜாக்கி?"

"பாடி லிஃப்ட் பண்ணப் போறேன் அங்கிள். ரெண்டு இஞ்ச். அப்பதான் பெரிய டயர் போட முடியும். நைலான் கட்டையெல்லாம் லேத் பட்டறைல கடைஞ்சு வாங்கிட்டேன்."

பின்னாடியே அவங்க அப்பா. லுங்கியோட, கையில காபி டம்ளரோட. "சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார். என் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான். வேணாம்னா வேணாம்."

பையன் சும்மா இல்ல. "அப்பா, தாத்தா போடில ஜீப்தானே ஓட்டினாரு? அதுல கம்பெனி என்ஜினே கிடையாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? பின்னாடி பாடிய வெட்டி நீட்டியிருந்தாங்க. அப்ப யாரும் கேக்கல. நான் ரெண்டு இஞ்ச் தூக்கினா மட்டும் குத்தமா?"

அப்பா பதில் சொல்லல. முகம் மட்டும் மாறிப்போச்சு. அது ஏன்னு எனக்கு அன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது.

பையன் கேட்டது நியாயமான கேள்விங்க. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு இருபது வருஷமா தொழிற்சாலைல குப்பை கொட்டுற எனக்கே சட்டுனு பதில் வரல. அந்த பதிலைத் தேடிப் போனா கதை 1940 வரைக்கும் போகுது.

முதல்ல, பாடி லிஃப்ட்னா என்ன?

இன்னிக்கு நாம ஓட்டுற பெரும்பாலான கார்கள்ல சேசிஸ்னு தனியா ஒண்ணு கிடையாது. தகரக் கூடே எலும்புக்கூடும். ஜீப் வகை வண்டிகள் அப்படி இல்லை. கீழே ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஸ்பிரிங் எல்லாம் அதுல தொங்கும். அது மேல ஒரு தகரத் தொட்டியைத் தூக்கி வெச்சு, நடுவுல ரப்பர் புஷ் கொடுத்து, போல்ட் போட்டு முடுக்கியிருப்பாங்க. அந்தத் தொட்டிதான் பாடி.

அந்த போல்ட்டைக் கழட்டி, ரப்பருக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு கட்டையைச் சொருகி, நீள போல்ட் போட்டு முடுக்கினா பாடி மட்டும் மேல போகும். சேசிஸ் இருந்த இடத்துலயே இருக்கும். இதுதான் பாடி லிஃப்ட். ஸ்பிரிங்கை மாத்தி சேசிஸோட சேர்த்து முழு வண்டியையும் தூக்கினா அது சஸ்பென்ஷன் லிஃப்ட். அது வேற, செலவும் வேற.

இந்த ரெண்டு துண்டு அமைப்பு எங்கிருந்து வந்துச்சு? அங்கதான் கதை ஆரம்பம்.

49 நாள்ல ஒரு வண்டி

1940 ஜூலை. ஐரோப்பாவுல ஜெர்மன் படை பிரான்ஸைச் சாய்ச்சிருச்சு. நாமளும் சீக்கிரம் சண்டைக்குப் போக வேண்டி வரும்னு அமெரிக்க ராணுவத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி வேணும்னு 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டாங்க. எடை 590 கிலோவுக்குள்ள இருக்கணும், முதல் மாதிரி வண்டி 49 நாள்ல வேணும்!

நிஜமா முன்வந்தது ரெண்டே கம்பெனி. பென்சில்வேனியாவுல பட்லர்ங்கிற ஊர்ல கிட்டத்தட்ட நொடிஞ்சுபோயிருந்த அமெரிக்கன் பாண்டம் ஒண்ணு, வில்லிஸ் ஓவர்லேண்ட் இன்னொண்ணு. வில்லிஸ் கூடுதல் நேரம் கேட்டுச்சு. பாண்டம், கார்ல் ப்ராப்ஸ்ட்ங்கிற இன்ஜினியரைக் கூட்டிவந்து சில நாள்லயே வரைபடத்தை முடிச்சு, செப்டம்பர் 23 அன்னிக்கு மேரிலாண்ட்ல ஹோலபர்ட் ராணுவ முகாம்ல வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திருச்சு. கெடு முடிய அரை மணி நேரம்தான் பாக்கி இருந்துச்சாம். எடைக் கணக்கு மட்டும் யாருக்கும் கட்டுப்படி ஆகல. கடைசில ராணுவம் இறங்கி வந்து 980 கிலோ வரைக்கும் சரின்னு ஒத்துக்கிச்சு.

அப்புறம் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடியறதுக்குள்ள ஆறு லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சு தள்ளினாங்க. அவ்வளவு வேகம் எப்படி சாத்தியமாச்சு? ஒரு காரணம் இந்த ரெண்டு துண்டு அமைப்பு. என்ஜினும் சேசிஸும் ஒரு பக்கம் ஓடிட்டிருக்கும். பாடித் தொட்டியை இண்டியானா மாநிலத்துல கனர்ஸ்வில்ங்கிற ஊர்ல இருந்த அமெரிக்கன் சென்ட்ரல் கம்பெனி செஞ்சு அனுப்பும். போரோட பிற்பகுதியில வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் அதே தொட்டிதான் போச்சு. தொட்டி வந்து இறங்கினதும் தூக்கி வை, போல்ட்டை முடுக்கு, அனுப்பு.

இன்னொரு காரணம் ரிப்பேர். போர்க்களத்துல ஒர்க்‌ஷாப் கிடையாது. ஒரு ஜீப் குண்டடி பட்டா அதுல நல்லா இருக்கிறதைக் கழட்டி இன்னொண்ணுல போடணும். அதுவும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச சாதா சிப்பாய் போடணும்.

அதாவது ஜீப்பைப் பொறுத்தவரை, ஓட்டுறவன் கையால கழட்டி மாட்டுறதுங்கிறது பின்னாடி வந்த பழக்கம் இல்லை. பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்துச்சு.

பக் வெச்சுத் தூக்கினவங்க

போர் முடிஞ்சதும் உபரி ஜீப்கள் சந்தைக்கு வந்துச்சு. 1945லயே வில்லிஸ் சிஜே-2ஏன்னு பொதுமக்கள் ஜீப்பையும் விக்க ஆரம்பிச்சது. விவசாயி வாங்கினான், வேட்டைக்காரன் வாங்கினான். போர்ல இருந்து திரும்பிவந்த பசங்க வாங்கிட்டு மலைமேல ஏறினாங்க. 1953ல கலிபோர்னியாவுல ஜார்ஜ்டவுன் ஊர்க்காரங்க, ரூபிகான்ங்கிற பாறைப் பாதையில ஜீப்களை வரிசையா ஓட்டிக்கிட்டு டாஹோ ஏரிப் பக்கம் போற விழாவை ஆரம்பிச்சாங்க. ஜீப்பர்ஸ் ஜாம்போரி. இன்னிக்கும் நடக்குது.

பாறைல ஏற பெரிய டயர் வேணும். பெரிய டயர் போட்டா திரும்பும்போதும் குதிக்கும்போதும் மட்கார்டுல உரசும். ஒண்ணு மட்கார்டை வெட்டணும், இல்லைன்னா பாடியைத் தூக்கணும். வீட்டுல தூக்கினவங்க கையில கிடைச்சதை வெச்சாங்க. அதுல பிரபலமானது ஐஸ் ஹாக்கி பக். கெட்டி ரப்பர் வில்லை, 3 இஞ்ச் அகலம், 1 இஞ்ச் உயரம். நடுவுல ஓட்டை போட்டா பாடி லிஃப்ட் கட்டை ரெடி! நம்ம ஊர்ல பக்குக்கு எங்க போறது? நைலான் ராடை வாங்கி லேத்ல கொடுத்தா கேட்ட உயரத்துக்குக் கடைஞ்சு கொடுத்துடுவாங்க. ரப்பர் மாதிரி அமுங்காதுங்கிறதால அதுதான் நல்லதும்கூட.

1970கள்ல அமெரிக்காவுல இது பெரிய வியாபாரமாச்சு. செயின்ட் லூயிஸ் பக்கம் பாப் சாண்ட்லர்ங்கிறவர் தன்னோட 1974 ஃபோர்டு பிக்கப்பை உயர்த்திக்கிட்டே போய், அதுதான் பிக்ஃபுட்ங்கிற பேர்ல கார்களை நசுக்கிற ராட்சச வண்டியாச்சு. சாலைல ஓடுற வண்டி எவ்வளவு உயரம் இருக்கலாம்னு அங்க மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் வந்துச்சு.

நம்ம ஊர் ஜீப்

1945ல பம்பாய்ல மஹிந்திரா அண்ட் முகமதுன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சது. அந்த முகமது யாருன்னா, குலாம் முகமது. பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானுக்குப் போய் அங்க முதல் நிதியமைச்சரானார், அப்புறம் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948ல கம்பெனி பேர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. 1940களோட கடைசில பெட்டி பெட்டியா வந்த வில்லிஸ் ஜீப் பாகங்களைப் பூட்ட ஆரம்பிச்சவங்க, பிறகு லைசென்ஸ் வாங்கி இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க.

அவங்க எடுத்துக்கிட்ட மாடல் சிஜே-3பி. 1953ல வில்லிஸ் இதுக்கு ஹரிகேன்னு ஒரு புது என்ஜின் போட்டாங்க. உள்வால்வு தலைல உக்காந்திருக்கிற என்ஜின், அதனால பழசை விட உயரம். பானட்டுக்குள்ள அடங்கல. என்ன பண்ணினாங்க தெரியுமா? பானட்டையும் முன் கிரில்லையும் தூக்கிட்டாங்க! பழைய இந்திய ஜீப்போட மூஞ்சி மட்டும் நெத்தி ஏறின மாதிரி இருக்கும், பார்த்திருப்பீங்க. காரணம் இதுதான். பாடியைத் தூக்குற வேலையை முதல்ல பண்ணினது கம்பெனியேன்னு சொல்லலாம் :-)

அமெரிக்காவுல 1968லயே நின்னுபோன அந்த மூஞ்சி இந்தியாவுல அதுக்குப் பிறகும் பல வருஷம் ஓடுச்சு. ஆனா உள்ள இருந்த பெட்ரோல் என்ஜின் குடிச்ச குடி இருக்கே! 1973 எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு அதை வெச்சு வாடகை ஓட்டினா கட்டுப்படி ஆகாது. ஊர் ஊருக்குப் பட்டறைகள்ல பெட்ரோல் என்ஜினை இறக்கிட்டு டீசலை ஏத்தினாங்க. கம்பெனியும் டிராக்டர் வழி வந்த டீசல் என்ஜினையும், 1980கள்ல பெஜோ டீசலையும் போட்டுக் கொடுத்துச்சு.

தேனி மாவட்டத்துக்காரங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்துல இருந்து விடியக்காலைல ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு இடுக்கி மலைக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறது ஜீப்தான். போடிமெட்டு ஏறணும்னா 17 கொண்டை ஊசி வளைவு. கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்துல இருக்கு, ஆனா வண்டில போகணும்னா கேரளாவுல சூரியநெல்லி வழியா, அதுவும் ஜீப்ல. பஸ் போகாத பாதைல சோறு போட்ட வண்டி அது. பின்னாடி பாடியை நீட்டினா நாலு பேர் கூட உக்காரலாம், நாலு பேர் கூலி கூட வரும். பட்டறைக்காரர் வெட்டி, தகடு வெச்சு, வெல்டு வெச்சுக் கொடுத்துடுவார். பையனோட தாத்தா ஓட்டினது அப்படி ஒரு ஜீப்.

1985 டிசம்பர்ல மாருதி ஜிப்ஸி வந்துச்சு. ஜப்பான் சுசுகியோட குட்டி ஜீப், நீள வீல்பேஸ், 970 சிசி பெட்ரோல் என்ஜின். 1996ல 1300 சிசி என்ஜினோட ஜிப்ஸி கிங். போலீஸ், ராணுவம், ராலி மூணு பேருக்கும் செல்லப்பிள்ளை. அதுவும் ஏணிச் சட்டம், அதுவும் லீஃப் ஸ்பிரிங், அதுவும் போல்ட் போட்ட பாடி. கடைசி வரைக்கும் அப்படியே இருந்து, 2019 வாக்குல பொதுமக்கள் விற்பனை நின்னுபோச்சு. 2014ல கோவாவுல ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியோட இந்தியப் பதிப்பு தொடங்கினதுக்கு அப்புறம், சேத்துல இறங்குற பசங்களுக்கு ஜிப்ஸிமேல மோகம் இன்னும் ஏறிடுச்சு. நம்ம பையனும் அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் கவுந்தான்.

பார்க்கிங்ல நடந்தது

சரி, பையனுக்கு என்ன பதில் சொன்னேன்? ஒண்ணும் சொல்லல. "வா, கழட்டிப் பாப்போம்"னு ஜாக்கியை எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன். கட்டையை வெச்சுப் பார்த்து அளக்குறது தப்பில்லையே. அப்பா கூடவே வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டார்.

இறங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடச் சொன்னேன். "இதைத் தூக்கினா வண்டியோட அடிவயிறு எவ்வளவு உயரும்?"

"ரெண்டு இஞ்ச் அங்கிள்."

"பூஜ்யம்டா."

பாறைல முதல்ல இடிக்கிறது ஆக்ஸில் நடுவுல இருக்கிற கிரவுன் உருண்டை. அது டயரோட சேர்ந்து கீழே இருக்கு. பாடியை ஒரு அடி தூக்கினாலும் அது நகராது. டயர் மாத்தினாதான் நகரும். இவன் வண்டில இருக்கிறது 205/70 ஆர்15, குறுக்களவு 668 மில்லிமீட்டர். போட நினைச்சது 235/75 ஆர்15, அது 734. வித்தியாசம் 66, அதுல பாதி 33 மில்லிமீட்டர்தான் ஆக்ஸில் உயரும். ஒண்ணேகால் இஞ்ச் சொச்சம். அதுக்காக இவ்வளவும்.

கொடுக்கிற விலை என்ன? டயர் பத்து சதவீதம் பெருசாச்சுன்னா ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீ உண்மையில 66ல போய்க்கிட்டிருப்பே. பிரேக் அதே பிரேக், நிறுத்த வேண்டிய சக்கரம் பெருசு. மொத்த எடைல பாதி பாடியும் ஆளுங்களும்னு வெச்சுக்கோ, அது 2 இஞ்ச் ஏறினா வண்டியோட ஈர்ப்பு மையம் 1 இஞ்ச் ஏறும். டயர் உயர்த்தறது தனி. ஜிப்ஸியே ஒல்லியா உயரமா இருக்கிற வண்டி. வளைவுல அந்த இஞ்ச் எங்க காட்டும்னு சொல்லத் தேவையில்லை.

வேலை ஆரம்பிச்சோம். முந்தின ரெண்டு நாளா பையன் போல்ட் எல்லாத்துக்கும் துரு இளக்குற ஸ்பிரே அடிச்சு ஊற வெச்சிருந்தான், அதுக்கு அவனைப் பாராட்டணும். அப்படியும் ஒரு போல்ட் தலை முறிஞ்சுது. இன்னொண்ணு, உள்ள இருந்த நட்டு விட்டுப்போய் சும்மா சுத்துச்சு. பேட்டரி வயரைக் கழட்டி, ஒரு பக்க போல்ட்டை எடுத்துட்டு, மறுபக்கம் தளர்த்தி மட்டும் விட்டோம். ரெண்டு பக்கமும் மொத்தமா எடுத்தா பாடி நகர்ந்துடும். ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவுல நீளமா ஒரு மரக்கட்டை. இல்லைன்னா தகரம் குழிவாயிடும். கட்டையைச் சொருகும்போது கையை உள்ள விடாதே, இடுக்கியால தள்ளுன்னு பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். ஜாக்கி வழுக்கினா விரல் மிஞ்சாது.

தூக்கினோம். மறுபக்கமும் அதே மாதிரி. நாலா பக்கமும் நைலான் கட்டை உக்காந்து 2 இஞ்ச் உயர்ந்து நின்னதும் பையன் முகத்துல சிரிப்பு. எனக்கே அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

அப்புறம் பானட்டைத் திறந்து ஒவ்வொண்ணா பார்த்தோம். பாடில ஒரு முனை, சேசிஸ்ல ஒரு முனைன்னு இருக்கிற எல்லாமே இப்ப இழுத்துக்கிட்டு நின்னுச்சு. ரேடியேட்டர் பாடியோட மேல போயிருச்சு, ஃபேன் என்ஜினோட கீழயே நின்னுருச்சு. ஃபேன் கவரோட அடி விளிம்பு இறக்கையைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணியிருந்தா சிதறியிருக்கும். கியர் கம்பி தரை ஓட்டைக்குள்ள இறங்கிப்போச்சு. நாலு வீல் கியர் முழுசா விழாது. கிளட்ச் கேபிள், எர்த் வயர், பிரேக் குழாய் எல்லாம் விறைப்பா.

கடைசியா ஸ்டியரிங் ஷாஃப்ட். தூக்குறதுக்கு முன்னாடியே அதுல சாக்பீஸால ஒரு கோடு போடச் சொல்லியிருந்தேன். ஷாஃப்ட்டோட ஒரு பாதி இன்னொரு பாதிக்குள்ள பல்லோட பல்லா சொருகியிருக்கும். பாடி மேல போனா மேல்பாதி உருவிக்கிட்டு வெளிய வரும். கோடு ஒண்ணரை இஞ்ச் வெளிய வந்திருந்துச்சு. உள்ள பிடிச்சிருந்தது ஒரு விரல் அகலம்.

பையன் அதைப் பார்த்தான். டார்ச்சை அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பார்த்தான்.

"துண்டு வெச்சு வெல்டு பண்ணி நீட்டிக்கலாம்னு போட்டிருந்தாங்க அங்கிள்"னான், குரல் இறங்கிப்போய்.

அப்பதான் அப்பா நாற்காலில இருந்து பேசினார்.

தாத்தாவோட ஜீப்

"உங்க தாத்தா ஜீப்பை நிறுத்தினது வயசானதால இல்லடா. நீட்டின பாடி. பின்பாரம். இறக்கத்துல ஒரு வளைவுல பின்பக்கம் அப்படியே தள்ளிருச்சு. பள்ளத்துல போகல, மலைப்பக்கம் சாய்ஞ்சதால தப்பிச்சாங்க. ஆனா பின்னாடி தொங்கிட்டு வந்த ஒரு அக்காவுக்கு கால் போயிருச்சு. நம்ம தெருவுதான். அப்பா அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடல. என்னையும் தொட விடல."

யாரும் கொஞ்ச நேரம் பேசல. செக்ரட்டரி வந்து "எத்தனை நேரம் ஆகும்?"னு ஹிந்தில கேட்டுட்டுப் போனார்.

யாரும் கேக்கலன்னு பையன் சொன்னான் இல்லையா? நம்ம சட்டம் அங்கிருந்துதான் படிப்படியா வந்துச்சு. 1939 மோட்டார் வாகனச் சட்டத்துல வண்டியை மாத்தினா பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும்ங்கிறதுதான் அடிப்படை. புத்தகத்துல எழுதிக் கொடுப்பாங்க, என்ஜின் மாத்தினவங்க அப்படித்தான் ஓட்டினாங்க. அதுக்கு பதிலா வந்த 1988 சட்டத்துல 52ஆவது பிரிவு இதைப் பத்தினது. 2000த்துல அதைத் திருத்தி, ஆர்சி புத்தகத்துல இருக்கிற விவரம் கம்பெனி முதல்ல குறிப்பிட்டதுல இருந்து மாறுபடுற மாதிரி எந்த மாற்றமும் செய்யக் கூடாதுன்னு ஆக்கினாங்க. சிஎன்ஜி போடுற மாதிரி சில விதிவிலக்கு மட்டும். கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரி 9 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் இதை உறுதி செஞ்சுது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்துல 182ஏ பிரிவு: அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டும்.

இது கொஞ்சம் முரட்டுச் சட்டம்தான்னு எனக்கும் தோணுது. நல்லா செஞ்ச வேலையையும் மோசமா செஞ்ச வேலையையும் அது பிரிச்சுப் பாக்காது. ஒரு பரிசோதனை வெச்சு, தேறினா அனுமதின்னு வழி இருந்தா நல்லா இருக்கும். ஆனா அந்த ஒரு விரல் அகலத்தைப் பார்த்ததுக்கு அப்புறம் சட்டத்துமேல எனக்கு அன்னிக்குக் கோபம் வரல.

பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். "ஜீப் கழட்டறதுக்குன்னே செஞ்ச வண்டி, அது உன் உரிமைதான். ஆனா தாத்தா காலத்துல யாரும் கேக்கலன்னு மட்டும் சொல்லாதே. அந்த அக்காவோட கால் கேட்டுச்சு. தாத்தாவே கேட்டாரு, தன்னைத்தானே."

இறக்கின கதை

பாடி மேல நிக்கும்போதே பையன் டார்ச் அடிச்சுத் துழாவினதுல ஒண்ணு கிடைச்சுது. பின்பக்கம் பாடியைத் தாங்குற சேசிஸ் பிராக்கெட்ல ஸ்க்ரூடிரைவர் வெச்சு அழுத்தினா உள்ள போகுது. கடல்காத்து துரு. தரைவிரிப்புக்கு அடியில, ரப்பருக்குக் கீழ, எந்த சர்வீஸ்லயும் கண்ணுல படாத இடம். அதுமேல நைலான் கட்டையை வெச்சு, நீள போல்ட்டைப் போட்டு, பெரிய டயரோட பாறைல குதிச்சிருந்தா? நினைக்கவே வேணாம்.

ஆக, நாங்க பாடி லிஃப்ட் பண்ணினோம். ரெண்டு இஞ்ச் தூக்கினோம், பார்த்தோம், இறக்கினோம். மறுவாரம் சேசிஸ் வேலை தெரிஞ்ச ஒரு வெல்டர்கிட்ட கொண்டுபோய் பிராக்கெட்டை மாத்தினான். கேபிள், குழாய் எல்லாம் சரிபார்த்து, எல்லா இடத்துலயும் புது ரப்பர் புஷ், புது போல்ட் போட்டோம். கம்பெனி சொன்ன உயரம், கம்பெனி சொன்ன டயர். பழைய ரப்பர் அமுங்கிப்போய் இருந்ததால, புதுசு போட்டதும் பாடி கால் இஞ்ச் உயர்ந்து நின்னுச்சு. "இது சட்டப்படியான லிஃப்ட் அங்கிள்"னான்.

சேத்துல இறங்கணும்ங்கிற ஆசை அவனுக்கு இன்னும் போகல. போட்டிக்குன்னே தனியா ஒரு வண்டி, சாலைல ஓட்டாம டிரெய்லர்ல ஏத்திட்டுப் போறதுன்னு காசு சேர்த்துக்கிட்டு இருக்கான். அப்ப இன்னொரு ஜாக்கி கேட்டு வருவான். கொடுப்பேன்.

அவங்க அப்பா போன மாசம் ஜிப்ஸியை சொசைட்டிக்குள்ளயே ஒரு சுத்து ஓட்டிப் பார்த்தார். முதல் கியர்லயே. பால்கனில இருந்து பார்த்த நான் கை தட்டல, அவர் கவனிச்சுட்டா இறங்கிடுவாரேன்னு.

டிஸ்கி: அந்த நைலான் கட்டைகள் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. ஒரு செட் எங்க வீட்டு கட்டில் காலுக்கு அடியில இருக்கு. ரெண்டு இஞ்ச் உயர்ந்ததுல சூட்கேஸ் உள்ள போகுதுன்னு தங்கமணிக்கு ஏக சந்தோஷம்.